மோதினால் மட்டும் போதாது: தாக்கவீதம், சக்தி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். தாக்கங்கள் எவ்வளவு வேகமாக நடக்கின்றன என்று படிக்கும் இயக்கப்பண்பியல் அலகு தொடங்கியதும் வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானவை மாணவர்களுடையவை, இரண்டொன்று பெற்றோருடையவை. எந்தக் கேள்வியிலும் தொடங்கலாம். ஆனால் இரண்டாவதை விட்டுவிட வேண்டாம், மற்றவற்றில் பாதி அதில் தங்கியிருக்கிறது.

துணிக்கைகள் மோதினால் தாக்கம் நடக்கும் என்றால், காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் ஏன் சும்மா இருக்கின்றன?

அவை சும்மா இருக்கவில்லை. அறை வெப்பநிலையில் ஒரு நைதரசன் மூலக்கூறு சராசரியாகச் செக்கனுக்கு 475 மீற்றர் அளவில் ஓடுகிறது. வழியில் ஒரு செக்கனுக்குள் பல நூறு கோடி தடவை மற்ற மூலக்கூறுகளோடு மோதுகிறது. மோதுகைக்கு ஒரு குறையும் இல்லை.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை புறக்கோட்டை மெயின் வீதியில் நடந்து பாருங்கள். நூறு பேர் தோளில் இடிப்பார்கள், அவர்களில் ஒருவரும் உறவாகிவிடுவதில்லை. மூலக்கூறுகளின் கதையும் இதுதான். மோதுகிற சோடிக்கு ஒரு குறைந்தபட்சச் சக்தி இருந்தால்தான் பழைய பிணைப்புகள் தளர்ந்து புதியவை உருவாகத் தொடங்கும். அந்த எல்லைதான் ஏவற்சக்தி. நைதரசனின் மும்மைப் பிணைப்பை உடைக்க ஒரு மூலுக்கு (மூல் என்பது துணிக்கைகளை எண்ணும் அலகு) 945 கிலோயூல் வேண்டும். கொழும்பின் வெயிலுக்கு அது அசையாது.

மின்னலுக்கு அசையும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பின்னேர இடிமழையில் மின்னல் பாயும் பாதையிலே காற்று ஏறத்தாழ 30,000 கெல்வின் வரை சூடாகிறது. அங்கே நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைத்திரிக் ஒட்சைட்டு உண்டாகிறது. பிறகு அது மேலும் ஒட்சியேற்றப்பட்டு, மழைநீரில் நைத்திரிக்கமிலமாக மண்ணுக்கு வந்து சேர்கிறது. இதே இரண்டு வாயுக்கள் வாகன எஞ்சினுக்குள்ளும் சேர்கின்றன. காலி வீதியின் புகைமூட்டத்தில் அதற்கும் ஒரு பங்குண்டு.

வெப்பநிலையைக் கூட்டினால் மோதுகைகள் கூடுகின்றன, அதனால்தானே வேகம் கூடுகிறது?

பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள். முழுப் பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் முக்கியமான காரணம் இதுவல்ல. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

25 பாகை செல்சியசிலிருந்து 35 பாகைக்குப் போகிறோம். கெல்வினில் 298 இலிருந்து 308. வாயு மூலக்கூறுகளின் சராசரி வேகம் தனிவெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு விகிதசமன். 308 ஐ 298 ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது ஏறத்தாழ 1.017. அதாவது மோதுகைகள் இரண்டு சதவீதம்கூடக் கூடவில்லை. ஆனால் ஏவற்சக்தி மூலுக்கு 53 கிலோயூல் உள்ள ஒரு தாக்கத்தின் வீதமோ இதே 10 பாகையில் இரண்டு மடங்காகிறது. இரண்டு சதவீதம் எங்கே, நூறு சதவீதம் எங்கே?

விடை சக்திப் பரம்பலில் இருக்கிறது. ஒரு பாத்திரத்திலுள்ள எல்லா மூலக்கூறுகளுக்கும் ஒரே சக்தி இருப்பதில்லை. பெரும்பாலானவை நடுத்தரம், சில மிக மந்தம், மிகச் சில மிக வேகம். அந்த வேகக்காரர் இருக்கும் வால்பகுதியில் எத்தனை மோதுகைகள் ஏவற்சக்தியைத் தாண்டுகின்றன என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன 53 கிலோயூலுக்குக் கணித்தால், 25 பாகையில் ஏறத்தாழ இருநூறு கோடி மோதுகைகளுக்கு ஒன்றுதான் தாண்டும். 35 பாகையில் நூறு கோடிக்கு ஒன்று. இரண்டுமே அற்பமான எண்கள், ஆனால் ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு. தாக்கவீதம் அந்த அற்பமான பின்னத்தைத்தான் பின்தொடர்கிறது.

இந்தச் சக்திப் பரம்பலைக் காட்டும் மக்ஸ்வெல்–போல்ட்ஸ்மன் வரைபைக் கீறும்போது இதை மனதில் வையுங்கள். வெப்பநிலை கூடினால் வளையியின் உச்சி வலப்பக்கம் நகர்ந்து தாழும், மேலே போகாது. மூலக்கூறுகளின் மொத்த எண்ணிக்கை மாறாதபடியால் வளையியின் கீழுள்ள பரப்பளவு அப்படியே இருக்க வேண்டும். உச்சியையும் உயர்த்திக் கீறினால், இல்லாத மூலக்கூறுகளைப் பாத்திரத்துக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அப்படியானால் "10 பாகைக்கு இருமடங்கு" என்பது விதியா?

இல்லை. அறை வெப்பநிலைக்குக் கிட்ட, ஏவற்சக்தி 50 கிலோயூல் அளவில் இருக்கும் தாக்கங்களுக்கு மட்டும் பொருந்தும் கைக்கணக்கு அது. ஏவற்சக்தி 100 கிலோயூல் என்றால் அதே 10 பாகையில் வீதம் 3.7 மடங்காகும். 20 கிலோயூல் என்றால் 1.3 மடங்குதான். ஏவற்சக்தி பெரிதாக இருக்க இருக்க, அந்தத் தாக்கம் வெப்பநிலை மாற்றத்துக்குக் கூடுதலாகத் துலங்கும்.

எங்கள் ஆய்வுகூடத்தில் எடுக்கும் நேரங்கள் புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போவதில்லையே?

தராசையும் நிறுத்தற் கடிகாரத்தையும் குறை சொல்ல முன்னர் வெப்பமானியைப் பாருங்கள். பெரும்பாலான அட்டவணைகள் 25 பாகைக்கு உரியவை. கொழும்பில், குளிரூட்டி இல்லாத ஓர் அறை மத்தியானம் 30 பாகையில் இருக்கும். மேலே சொன்ன 53 கிலோயூல் தாக்கத்துக்கு அந்த 5 பாகை மட்டுமே வீதத்தை 40 சதவீதம் கூட்டிவிடும். தயோசல்பேற்றுக் கரைசலுக்கு அமிலம் விட்டு, தாளில் கீறிய புள்ளடி மறையும் நேரத்தை எடுக்கும் பரிசோதனையில் இது நன்றாகத் தெரியும். கரைசலின் வெப்பநிலையைத் தொடக்கத்திலும் முடிவிலும் குறித்துவைப்பது நல்ல பழக்கம்.

பிணைப்பை உடைத்தால் சக்தி வெளிவரும், இல்லையா?

இல்லை. பிணைப்பை உடைக்கச் சக்தி கொடுக்க வேண்டும், பிணைப்பு உருவாகும்போதுதான் சக்தி வெளிவரும். இதற்கு விதிவிலக்கு ஒன்றை யாராவது காட்டினால் எனக்கும் சொல்லுங்கள். "உணவிலுள்ள பிணைப்புகளில் சக்தி சேமிக்கப்பட்டிருக்கிறது" என்று கீழ்வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பதன் விளைவுதான் இந்தக் குழப்பம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு மூல் ஐதரசன் ஒரு மூல் ஒட்சிசனோடு சேர்ந்து நீராவியாவதை எடுங்கள். இரண்டு ஐதரசன்–ஐதரசன் பிணைப்புகளுக்கு 872 கிலோயூலும் ஒட்சிசனின் இரட்டைப் பிணைப்புக்கு 498 உம் என மொத்தம் 1370 கிலோயூல் செலவு. உருவாகும் நான்கு ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்புகள் ஒவ்வொன்றும் 463 வீதம் 1852 கிலோயூல் தருகின்றன. கணக்கு முடியும்போது 482 கிலோயூல் வெளியே. செலவைவிட வரவு கூடியபடியால் இது புறவெப்பத் தாக்கம்.

மின்னல் கதையில் இது தலைகீழ். உடைக்க 945 உம் 498 உம் சேர்ந்து 1443 கிலோயூல். உருவாகும் இரண்டு நைத்திரிக் ஒட்சைட்டு மூலக்கூறுகள் 631 வீதம் 1262 தான் திருப்பித் தருகின்றன. மீதி 181 கிலோயூலை மின்னல் கொடுத்தாக வேண்டும்.

நிறையச் சக்தி வெளிவிடும் தாக்கம் வேகமாக நடக்கும்தானே?

இரண்டுக்கும் தொடர்பில்லை. எவ்வளவு வெப்பம் வரும் என்பது தாக்கிகளுக்கும் விளைவுகளுக்கும் இடையிலான வித்தியாசம். எவ்வளவு வேகம் என்பது இடையிலுள்ள தடையின் உயரம். முதலாவதைத் தெரிந்துகொண்டு இரண்டாவதை ஊகிக்க முடியாது.

வீட்டிலுள்ள காஸ் அடுப்பே சாட்சி. ஒரு மூல் பியூட்டேன் எரிந்தால் 2,800 கிலோயூலுக்கு மேல் வெப்பம் வரும். ஆனாலும் குழாயைத் திறந்து லைற்றரைத் தட்டாமல் நின்றால் வாயு வாயுவாகவே அறைக்குள் பரவும். (செய்து பார்க்க வேண்டாம்.) லைற்றரின் பொறி மிகச் சிறிய இடத்தில் சில மூலக்கூறுகளைத் துண்டாக்குகிறது. சோடியில்லாத இலத்திரனோடு பிறக்கும் அந்தச் சுயாதீன மூலிகங்கள் பக்கத்திலுள்ளவற்றைத் தாக்க, அதில் வரும் வெப்பம் அடுத்த அடுக்கைத் தூண்டும். பொறி கொடுத்த சக்தி சொற்பம். பிறகு சுவாலை தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது.

செட்டியார் தெரு நகைக்கடைகளிலுள்ள வைரம் இன்னோர் உதாரணம். அறை நிலைமைகளில் வைரத்தைவிடப் பென்சிலிலுள்ள காரீயமே (கிராபைட்டு) உறுதியானது. மூலுக்கு 2 கிலோயூல் அளவு வித்தியாசம். அப்படியிருந்தும் மோதிரத்துக் கல் பென்சில் முனையாவதில்லை, ஏனெனில் காபன் வலையமைப்பை உடைத்து மாற்றும் தடை அவ்வளவு உயரம்.

மறுபக்கம், அமிலமும் காரமும் சேரும்போது ஐதரசன் அயனும் ஐதரொட்சைட்டு அயனும் சந்தித்த மாத்திரத்திலேயே நீராகிவிடுகின்றன. வெளிவருவது மூலுக்கு வெறும் 57 கிலோயூல்தான். இத்தகைய அதிவேகத் தாக்கங்களை அளக்கும் வழியைக் கண்டதற்காக மன்பிரட் ஐகன் 1967 இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வெப்பத்தை உறிஞ்சும் தாக்கம் தானாக எப்படி நடக்கும்?

அப்பச்சோடாவைச் சிறிது நீரில் கலக்கி, தேசிக்காய்ச் சாறு நிறைய விட்டுப் பாருங்கள். பொங்கும், பாத்திரம் கொஞ்சம் குளிரும். சித்திரிக்கமிலமும் சோடியம் இருகாபனேற்றும் தாக்கமுறுவது அகவெப்பமானது. தேவையான சக்தி கரைசலிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் எடுக்கப்படுகிறது. இருந்தும் அது முன்னோக்கி நடப்பதற்குக் காரணம், காபனீரொட்சைட்டு வாயு பிறந்து பரவுவதால் எந்திரப்பி, அதாவது துணிக்கைகளும் சக்தியும் சிதறிப் பரவியிருக்கும் அளவு, கூடுவது. சக்தி குறைகிற திசையில்தான் எல்லாம் நடக்கும் என்ற எண்ணத்தை இந்த ஒரு பாத்திரம் கலைத்துவிடும்.

ஊக்கி சக்தியைக் கொடுக்கிறதா?

ஊக்கி ஒரு யூலும் கொடுப்பதில்லை. அது வேறொரு பாதையைத் திறக்கிறது, அந்தப் பாதையில் தடை தாழ்வு.

பாமசியில் வாங்கும் ஐதரசன் பேரொட்சைட்டு போத்தலில் மாதக்கணக்காகக் கிடக்கும். அது நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிகையடையும் ஏவற்சக்தி மூலுக்குச் சுமார் 75 கிலோயூல். கொஞ்சம் பொற்றாசியம் அயடைட்டைப் போட்டால் 56 ஆகிறது. 19 கிலோயூல் குறைந்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். ஆனால் வீதத்துக்கான சமன்பாட்டில் ஏவற்சக்தி அடுக்குக்குறியில் உட்கார்ந்திருப்பதால், மற்றவை மாறாதிருக்க, வீதம் 2,000 மடங்கு அளவில் கூடும். பச்சை உருளைக்கிழங்குத் துண்டொன்றைப் போட்டாலும் நுரைக்கும், அதிலுள்ள கற்றலேசு என்ற நொதியம் தடையை இன்னும் கீழே இறக்கிவிடுகிறது. காயத்தில் பூசும்போது பொங்குவதும் இதே நொதியத்தின் வேலை.

எந்த ஊக்கியைப் போட்டாலும் ஒரு மூலுக்கு வெளிவரும் வெப்பம் அதே 98 கிலோயூல்தான். தொடக்கமும் முடிவும் மாறவில்லையே. முன்தாக்கத்தின் தடை தாழும்போது பின்தாக்கத்தின் தடையும் அதே அளவு தாழும். ஆகவே சமநிலை விரைவாக எட்டப்படும், ஆனால் அதன் இடம் நகராது. ஏபர் முறையில் அமோனியா தயாரிக்கும்போது இரும்பு ஊக்கி செய்வது இதைத்தான். சமநிலையில் கிடைக்கும் அமோனியாவின் அளவைக் கூட்ட உயர் அமுக்கம் போன்ற வேறு வழியைத்தான் நாட வேண்டும்.

செறிவை இருமடங்காக்கினால் வீதமும் இருமடங்காகுமா?

சில வேளை. மோதுகை எண்ணிக்கை உண்மையிலேயே முக்கியமாகும் இடம் இது: செறிவு கூடினால் ஓரலகு கனவளவில் துணிக்கைகள் கூடும், மோதுகைகளும் கூடும். ஆனால் பெரும்பாலான தாக்கங்கள் ஒரே மோதுகையில் முடிவதில்லை, பல படிகளில் நடக்கின்றன. மிக மெதுவான படியிலும் அதற்கு முந்திய படிகளிலும் பங்கெடுக்காத தாக்கியின் செறிவை என்ன செய்தாலும் வீதம் அசையாது. அமில ஊடகத்தில் புரொப்பனோனும் அயடீனும் தாக்கமுறுவது இதற்குப் பெயர்போனது. அயடீனை இருமடங்காக்குங்கள், வீதத்தில் மாற்றமில்லை. எனவே சமப்படுத்திய சமன்பாட்டைப் பார்த்து வரிசையை (செறிவின் எத்தனையாவது அடுக்கோடு வீதம் மாறுகிறது என்பதை) சொல்லக்கூடாது, பரிசோதனைதான் சொல்லும். பியூட்டேன் மூலக்கூறு ஒன்றும் தேவையான ஒட்சிசன் அத்தனையும் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் மோதும் என்று எதிர்பார்க்க முடியுமா?

துண்டுக்குப் பதிலாகத் தூள்?

திண்மத்தின் மேற்பரப்பிலுள்ள துணிக்கைகள்தான் மோதுகைக்குக் கிடைக்கும். தூளாக்கினால் மேற்பரப்பு கூடும். ஏவற்சக்தி மாறாது. கோதுமை மா கிண்ணத்தில் கிடந்தால் பற்றவைப்பது கடினம், ஆனால் காற்றில் தூசாக நிரம்பினால் ஒரு பொறியில் வெடிக்கக்கூடும்.

போதுமான சக்தியோடு மோதினால் கட்டாயம் தாக்கம் நடக்குமா?

திசையும் சரியாக இருக்க வேண்டும். காபனோரொட்சைட்டும் நைதரசனீரொட்சைட்டும் மோதும்போது, காபன் அணு மற்றதன் ஒட்சிசன் பக்கம் வந்து சேர்ந்தால்தான் ஒட்சிசன் கைமாறும். ஒட்சிசனோடு ஒட்சிசன் முட்டினால் இரண்டும் வந்த வழியே போகும்.

சிறிய மூலக்கூறுகளுக்கு இந்த நிபந்தனை அவ்வளவு கடுமையல்ல. எதீனோடு ஐதரசன் நேரடியாகச் சேர்வதற்கோ, போதிய சக்தியுள்ள மோதுகைகளிலும் பத்து லட்சத்தில் இரண்டு அளவுதான் பொருந்திவரும். இதற்கு மாறான வேடிக்கையும் உண்டு. பொற்றாசியம் அணு புரோமீன் மூலக்கூறைச் சந்திக்கும்போது தொலைவிலிருந்தே தன் இலத்திரனை எறிந்துவிடுகிறது. பிறகு எதிரெதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ள, நேரடி மோதுகைக் கணக்கு எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகவே தாக்கம் நடக்கிறது. பாடத்திட்டத்தில் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எல்லாத் தாக்கங்களும் சூடாக்கினால் வேகமாகுமா?

இல்லை. மின்னலில் பிறந்த நைத்திரிக் ஒட்சைட்டு ஒட்சிசனோடு சேர்ந்து கபில நிற நைதரசனீரொட்சைட்டாவது சூடாக்கினால் மெதுவாகும். அதை விளக்கும் ஒரு பொறிமுறைப்படி, முதலில் இரண்டு நைத்திரிக் ஒட்சைட்டு மூலக்கூறுகள் தளர்வாக ஒட்டிக்கொள்கின்றன, பிறகே ஒட்சிசன் வருகிறது. சூடு கூடினால் அந்தத் தளர்ந்த சோடி ஒட்சிசன் வரமுன்பே பிரிந்துவிடும்.

நொதியங்கள் இன்னொரு வகை. இறைச்சி மென்மையாகட்டும் என்று பப்பாசிக்காய் பூசிவைக்கிறோம். அதிலுள்ள பப்பேயின் இளஞ்சூட்டில் சுறுசுறுப்பாக வேலை செய்யும், கறி நன்றாகக் கொதித்தபின் அதன் அமைப்பே குலைந்துவிடும். இங்கே ஏவற்சக்தி பற்றிய விதி பொய்க்கவில்லை, ஊக்கிதான் அழிந்துபோனது.

ஒரு தாய் கேட்டது: பிரிட்ஜில் வைத்தால் மோதுகைகள் நின்றுவிடுகின்றனவா?

நிற்பதில்லை, குறைவதும் மிகச் சொற்பம். 30 பாகையிலிருந்து 4 பாகைக்கு இறங்கினால் மூலக்கூறுகளின் வேகம் 4 சதவீதமே குறைகிறது. 53 கிலோயூல் ஏவற்சக்தியுள்ள ஒரு தாக்கத்தின் வீதமோ ஏழில் ஒரு பங்காகிவிடும். பால் பழுதாவதில் பற்றீரியாக்களின் பெருக்கமும் இருப்பதால் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆனால் அந்தப் பெருக்கமும் தாக்கங்களால் நடப்பதுதான்.

புறவெப்பத் தாக்கம் கைமீறிப் போவது எப்படி?

வெளிவரும் வெப்பம் கலவையைச் சூடாக்கும், சூடு வீதத்தைக் கூட்டும், கூடிய வீதம் இன்னும் வெப்பம் தரும். பாத்திரம் வெளியே இழக்கும் வெப்பம் வெப்பநிலை வித்தியாசத்துக்கு நேர்விகிதமாக மட்டும் ஏறுகிறது. உள்ளே பிறக்கும் வெப்பமோ அடுக்குக்குறி முறையில் ஏறுகிறது. முதலாவதை இரண்டாவது தாண்டிய பின் நிறுத்துவது கடினம்.

2021 மே 20 அன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது, அதன் சரக்கில் 25 தொன் நைத்திரிக்கமிலம் இருந்தது. ஒரு கொள்கலனிலிருந்து அமிலம் கசிவது தீக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. நைத்திரிக்கமிலம் தானாக எரிவதில்லை. ஆனால் வலிமையான ஒட்சியேற்றி, சேதனப் பொருள்களோடு சேர்ந்தால் வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே தாக்கமுறும். மூடிய இரும்புப் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும் இடத்தில் அந்த வெப்பம் எங்கே போகும்? இதனால்தான் ஆய்வுகூடத்தில் செறிந்த அமிலத்தைத் துளித்துளியாக, குளிர்த்திக்கொண்டே சேர்க்கச் சொல்கிறோம்.

இவற்றை யார் கண்டுபிடித்தார்கள்?

ஒருவரல்ல. வெப்பநிலைக்கும் வீதமாறிலிக்கும் (செறிவுகள் தவிர வீதத்தைத் தீர்மானிக்கும் எண்) இடையிலான சமன்பாட்டைச் சுவீடன் நாட்டு அரேனியசு 1889 இல் முன்வைத்தார். மோதுகைக் கொள்கையை ஜேர்மனியில் மக்ஸ் திரவுட்ஸ் 1916 இலும் இங்கிலாந்தில் வில்லியம் லூயிஸ் 1918 இலும் தனித்தனியாக வெளியிட்டார்கள். நடுவில் முதலாம் உலகப்போர். தடையின் உச்சியில் என்ன நடக்கிறது என்று விளக்கும் தாண்டல்நிலைக் கொள்கை 1935 இல் வந்தது.

மாடிவீட்டுக் கம்பிகள் மெரின் டிரைவ் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு விரைவாகத் துருப்பிடிக்கின்றன?

வெப்பநிலை காரணமல்ல, காலி வீதிக்கு அந்தப்பக்கமும் அதே 30 பாகைதான். கடற்காற்று கொண்டுவரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து கம்பியின் மேல் ஒரு மின்பகுபொருட் படலமாகிறது. இரும்பு இலத்திரனை இழக்கும் இடத்துக்கும் ஒட்சிசன் அதை ஏற்கும் இடத்துக்கும் இடையே அயன்கள் இலகுவாக ஓடுகின்றன. குளோரைட்டு அயன் இரும்பின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தையும் அரிக்கும். துருப்பிடித்தலும் புறவெப்பத் தாக்கம்தான், ஆனால் வெப்பம் வருடக்கணக்கில் சிதறிப்போவதால் கைக்குத் தெரிவதில்லை. பெயின்ற் பூச முன்னர் கம்பியை நன்னீரால் கழுவிக் காயவிடுங்கள். உப்பின் மேல் பூசினால் பூச்சுக்குள்ளேயே துரு தொடரும்.

பரீட்சையில் வெப்பநிலை பற்றிய விடையை எப்படி எழுதுவது?

"வெப்பநிலை கூடும்போது, ஏவற்சக்திக்குச் சமனான அல்லது அதனிலும் கூடிய சக்தியுள்ள துணிக்கைகளின் பின்னம் பெருமளவில் கூடும். அதனால் ஓரலகு நேரத்தில் நடைபெறும் விளைதிறனுள்ள மோதுகைகள் கூடும்." இதை எழுதிவிட்டு, மொத்த மோதுகைகளும் சிறிதளவு கூடும் என்று விரும்பினால் சேருங்கள். செறிவு பற்றிய கேள்விக்கு இந்தப் பின்னத்தைக் கொண்டுவர வேண்டாம். அங்கே பின்னம் மாறுவதில்லை, மோதுகை எண்ணிக்கைதான் மாறுகிறது.